பேத்தி கொண்டுவந்த நீலத் துணி

மார்ச் 3, செவ்வாய்

பேத்தி ஒரு மூட்டை நீலத் துணியோடு வந்து நின்றாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அவள், என் பேத்தியாக்கும். கிருமி நீக்கிய கத்தி, கத்தரியெல்லாம் இதில்தான் சுற்றி வருமாம். நோயாளி உள்ளே வரும் முன்பே பிரித்துப் போட்டுவிடுவார்களாம். ஒரு சொட்டு ரத்தம் பட்டிருக்காது. ஆனாலும் ரத்தக் குப்பையோடு சேர்த்து எரிக்கிறார்கள். அநியாயம்!

எரிக்க வேண்டாமே என்று இவள் கேட்டதற்குப் பெரிய சிஸ்டர், "ஆபரேஷன் குப்பைய யாரும்மா கையால தொடுவா?" என்றாராம். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டுமாம்.

"பாட்டி, பை தைச்சுத் தருவியா?"

என்னையா கேட்கிறாள்? இந்தத் தெருவே என் தையலைப் போட்டுக்கொண்டு நடந்த தெரு.

மார்ச் 4

மகள் மூட்டையை உள்ளே விடவில்லை. "அந்தக் கண்றாவிய வாசல்லயே வைம்மா!"

"உன்னைப் பெத்தப்ப எனக்கு விரிச்ச துணியைவிட இது சுத்தம்டி."

மூட்டையை அவளே உள்ளே தூக்கி வந்து வைத்தாள்.

மார்ச் 5

போச்சு. எல்லாம் போச்சு.

மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, சிஸ்டர் கண்ணுக்கு அழகாகத் தெரியட்டும் என்று மொத்தத்தையும் அடுக்கி, நன்றாகச் சூடேறிய இஸ்திரிப் பெட்டியை அழுத்தினேன். நீலப் பாகாக உருகி ஒட்டிக்கொண்டது.

"பாட்டி! அது துணி இல்ல, பிளாஸ்டிக்!"

"அப்புறம் எதுக்குத் துணி வேஷம் போடுது? அதுக்கு நானா பொறுப்பு?"

சிரித்துவிட்டாள். பிறகு பெட்டியைச் சுரண்ட உட்கார்ந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும்தான் எனக்கு — சே.

மற்றதையெல்லாம் சேர்த்துக் கட்டி வந்த மேல்துணி ஒன்று மட்டும் தப்பியது. எனக்கு அது போதும்.

மார்ச் 6, வெள்ளி

ஒரே பை. மடிப்பு அப்படியேதான் இருக்கிறது, இருக்கட்டும். இரட்டைத் தையல். செங்கல் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டேன். வெறும் பையை நீட்டினால் யார் மதிப்பார்கள்? அவள் சாப்பாட்டையே அதில் வைத்துக் கொடுத்தேன். "நாம தொட்டாத்தானேடி அடுத்தவங்க தொடுவாங்க!"

மாலையில் டப்பாவைக் கையில் பிடித்தபடி வந்தாள். பையைக் காணோம்.

"எங்கேடி? எரிச்சுட்டாங்களா?"

"பெரிய சிஸ்டர் வாங்கிப் பார்த்தாங்க பாட்டி. இழுத்து இழுத்துப் பார்த்தாங்க. அப்புறம் அவங்க டப்பாவ அதுல வச்சு, தோள்ல மாட்டிக்கிட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க. திருப்பிக் கேக்க எனக்கு வாய் வரல."

மார்ச் 9

எல்லாத் தியேட்டரிலும் நீலத் துணிக்குத் தனித் தொட்டி வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து மிஷினை விட்டு எழவில்லை. செருப்பு வைக்க ஒரு பை வேண்டுமென்று பெரிய டாக்டர் சொல்லியனுப்பினாராம். வரிசையில் வரச் சொல்லு என்றேன்.