படம் வரல, மேடம்

ஜூலை 8, செவ்வாய்

நூலக மேசையில் இருந்தபோது இன்றும் கருத்தரங்கக் கூடத்திலிருந்து போன். வணிகவியல் பாண்டிமீனா மேடம்.

"மைத்ரேயி மேடம், படம் வரல மேடம். நீலமா நிக்குது. கொஞ்சம் வாரீங்களா?"

போனேன். மேடை மேசையில் செருகும் லேப்டாப், புரொஜெக்டரில் ஹெச்.டி.எம்.ஐ இரண்டு என்ற இணைப்புக்குப் போகிறது. கூடத்தின் பின்னால் இருக்கும் கேமரா, ஒன்றுக்கு; அது அணைந்திருந்தால் வெறும் நீலம்தான். ஆன் செய்ததும் புரொஜெக்டர் ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கும். ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, இரண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சும்மா நிற்க வேண்டும். படம் வரச் சில நொடிகள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி அழுத்துவார்கள். அது இரண்டைத் தாண்டி வேறெங்கோ போய்விடும்.

அழுத்திவிட்டுக் கைகட்டி நின்றேன். வந்தது.

"உங்க கை பட்டாத்தேன் வருது!" என்றார் பாண்டிமீனா. பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

கல்லூரித் துணை முதல்வர் ஹாலாஸ்யம் சார் நூலகத்துக்கே வந்து சொன்னார்: "எப்படிப் போடணும்னு ஒரு தாள்ல எழுதி அந்த மேசைல ஒட்டிடுங்களேம்மா. எத்தனை தடவைதான் ஓடி வருவேள்?"

ஐந்து நிமிட வேலை. சரி சார் என்றேன்.

ஒட்டவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேரமில்லை என்று இங்கேயும் எழுதிவைப்பானேன். இந்த வாரம் என் பெயரைச் சொல்லி அழைத்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்துக்காகத்தான் அழைத்தார்கள். நூலகத்தில் யாரும் பேசுவதில்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பழங்காநத்தத்தில் நான் தனியாக இருக்கும் மாடியறையில் இன்று முழுக்கக் கீழ்வீட்டு டிவி மட்டும். ஒரு நாவலை முடித்தேன். கடைசி அத்தியாயம் பிடிக்கவில்லை. அதை யாரிடம் சொல்வது?

பெங்களூரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "அங்க பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காளா?"

"நிறையப் பேர் இருக்கா."

தாளை ஒட்டினால் அந்தப் போனும் வராது. அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 17, வியாழன்

அழகம்மாள் வந்தாள். வரலாற்று ஆய்வு மாணவி, கொட்டாம்பட்டிப் பெண். தன் ஊர்ப்பக்கத்துப் பாசனக் கிணறுகளைப் பற்றித்தான் ஆய்வேடு. அடுத்த புதன் பொது வாய்மொழித் தேர்வு.

"படம் போட நீங்க வந்துருவீங்கல்ல மேடம்? அய்யாவும் ஆத்தாவும் வாராக. எங்க கெணறும் படத்துல இருக்கு, அய்யாட்டச் சொல்லல."

கண்டிப்பாக வருகிறேன் என்றேன்.

ஜூலை 23, புதன்

நேற்றிலிருந்து காய்ச்சல். மாத்திரை போட்டுவிட்டு அசந்து தூங்கிப்போனேன். எழுந்தபோது மாலை வெயில். போன் திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். முதலில் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம். இத்தனை பேர் என்னைத் தேடியிருக்கிறார்கள் என்று.

அப்புறம்தான் இன்று புதன் என்பது உறைத்தது.

ஜூலை 25, வெள்ளி

பாண்டிமீனா சொன்னார்: "அமுக்கு அமுக்குன்னு அமுக்குறோம் மேடம், ஒண்ணுக்கும் அசையல. யாரோ கேமராவப் போட்டுவிட, ஒரு வாட்டி எங்க மூஞ்சியே தெரையில வருது! வெளியூர்லருந்து வந்த எக்ஸாமினரு கைக்கடியாரத்தப் பாத்துட்டு, படம் கெடக்கட்டும், வாயாலயே சொல்லும்மான்னுட்டாரு."

அழகம்மாள் தேர்வில் தேறிவிட்டாள். ஆனால் ஊர் ஊராகப் போய் எடுத்த படங்களில் ஒன்றுகூடக் காட்ட முடியவில்லை. அவள் அப்பா முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு கடைசிவரை அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

பிற்பகல் அழகம்மாளே வந்தாள். "பரவால்ல மேடம், ஒங்களுக்கு முடியலைல்ல. கெணத்தத்தான் அய்யா தெனமும் பாக்குறாரே" என்று சிரித்தாள். பிறகு, "தெரையில பாத்திருந்தா கொஞ்சம் மெரண்டிருப்பாரு" என்றாள்.

காய்ச்சல் என் தப்பு இல்லை. தாள்? ஒரு தாள். அதக்கூட ஒட்டாம வச்சிண்டிருந்தேனே, எதுக்கு? நாலு பேர் என்னைக் கூப்பிடணும்னா? அதுக்கு அந்த மனுஷன் அங்க உக்காந்து நீலத்தைப் பாக்கணுமா?

மாலையே எழுதி ஒட்டினேன். கடைசி வரி சிவப்பில்: அழுத்திய பிறகு படம் வரும்வரை எதையும் தொடாதீர்கள்.

ஜூலை 28, திங்கள்

போன் இல்லை.

ஜூலை 31, வியாழன்

கூடத்தில் ஏதோ விழா. சுவர் வழியாகக் கைதட்டல் கேட்டது. படம் வந்துவிட்டது போல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போனில் அழைப்புப் பட்டியலைப் புரட்டினேன். எல்லாம் வந்தவை. அம்மாவைத் தவிர நானாக யாரையும் கூப்பிட்டதே இல்லை. யாரும் கூப்பிடவில்லை என்று இத்தனை நாள் குறைப்பட்டுக்கொண்டவள்.

அழகம்மாளைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை கூடம் காலி, அய்யாவைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டேன். தாள் விஷயத்தையும் சொன்னேன், காரணத்தோடு.

"எங்கள்ட்ட சும்மா பேசிருக்கலாமே மேடம்" என்றாள். கோபம் இருந்தது குரலில். பிறகு, "கூட்டியாறேன்."

ஆகஸ்ட் 9, சனி

வந்தார்கள், அப்பா முத்திருளன், அம்மா சோலையம்மாள். லேப்டாப்பைச் செருகியது அழகம்மாள். தாளைப் படித்தாள், அழுத்தினாள், கையைக் கட்டிக்கொண்டாள். நான் முன்வரிசையில் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை.

கிணறு சுவரளவுக்கு வந்தது. முத்திருளன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "இம்புட்டு ஆழமா இருக்கு" என்றார், தான் தினமும் பார்க்கும் கிணற்றை.

சோலையம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தார்: "ஏன்டி, மோட்டார் ரூம்புகிட்ட நிக்கிறது ஒங்க அய்யாவா? மேலுக்குச் சட்டையில்லாம! பெரிய பெரிய வாத்தியாருக முன்னால இதத்தான் போடப் பாத்தியா? அன்னைக்குப் படம் வராததே நல்லதாப் போச்சு!"

முத்திருளன் அவசரமாகத் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாளைக்கு லீவுதான தாயி? கெணத்த நேர்ல வந்து பாருங்க" என்றார் முத்திருளன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டுக்கு வந்த பிறகுதான் போனைப் பார்த்தேன். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள்.

"காலம்பறேருந்து எங்கேடி போயிருந்தே?"

"கொட்டாம்பட்டிக்கு."

"அங்க யாரு இருக்கா?"

சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் அம்மா அடுப்பை அணைப்பதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதும் கேட்டது.