கையில் போட்ட அறுபத்து மூன்று

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க ட்ரெண்டின் பிரசங்கம். எங்கள் பிரிவு மேலாளருக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். எதை எடுத்தாலும் "இப்ப ட்ரெண்ட் என்னன்னா" என்றுதான் வாயைத் திறப்பார். குழாய் ஒழுகினால்கூட அதற்கொரு ட்ரெண்ட் கையிருப்பில் இருக்கும். மருத்துவக் கருவித் தொழில் எங்கே போகிறது என்று இன்றைக்கு நாற்பத்தெட்டு ஸ்லைடு. பட்டன் போய் டச் ஸ்கிரீன். விற்பனை போய் மாத வாடகை. பழுது பார்க்க ஆள் போவது போய் நெட் வழியாக அப்டேட். பாகமெல்லாம் எங்கெங்கோ செய்து வருகிறது, இங்கே திருகு முடுக்குகிறோம், அதற்குப் பெயர் உற்பத்தி. நோயாளி என்ற சொல் ஒரு ஸ்லைடிலும் இல்லை. வேலை இல்லாமல் அதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசி ஸ்லைடு எங்களுக்கு. இனிமேல் புகார்களை மென்பொருள் படிக்குமாம்.

நாங்கள் செய்வது மருந்து பம்பு — நோயாளியின் நரம்பில் மணிக்கு இவ்வளவு என்று மருந்தை ஏற்றும் பெட்டி. அதைப் பற்றி ஆஸ்பத்திரிகள் அனுப்பும் புகாரைப் படித்து, காரணம் எழுதி, ஃபைலை மூடுவது ஆறு வருஷமாக என் பிழைப்பு. காரணம் இரண்டே இரண்டு. கருவியின் தவறு, கையாள்பவர் தவறு. எங்கள் பேச்சில் மெஷின், கை. "இதைக் கைல போட்டுடு" என்போம். மெஷினில் போட்டால் பதினெட்டுப் பக்கம் எழுத வேண்டும், மூன்று பேர் கையெழுத்து வேண்டும், மேலேயிருந்து கேள்வி வரும். கையில் போட்டால் ஒரு வரி போதும். ஆகவே உலகத்து நர்ஸ்கள் எல்லோருக்கும் கை சரியில்லை.

மார்ச் 6, வியாழன்

மென்பொருள் இன்று மூடிய முதல் புகார்: "கருவியில் குறை காணப்படவில்லை; பயனாளருக்கு மறுபயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது." என் வாக்கியம். அரைப்புள்ளி உட்பட என்னுடையது.

மார்ச் 10, திங்கள்

ட்ரெண்ட் எல்லோர் முன்னாலும் என் மேஜைக்கு வந்தார். இது வேற யாரும் இல்ல மேடம், உங்க மூளைதான், நீங்க மூடின ஒன்பதாயிரம் ஃபைலைப் படிச்சுக் கத்துக்கிச்சு என்றார். மற்றவர்கள் கை தட்டினார்கள். ஒன்பது பேர் இருந்த பிரிவில் இனி மூன்று பேர்தான். அந்த மூன்றில் நான் ஒருத்தி. மென்பொருள் சொன்னதற்கு ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் வேலை.

போகிற ஆறு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்று எழுதவே கூசுகிறது. இருந்தாலும் அதுதான் உண்மை.

மார்ச் 16, ஞாயிறு

நாத்தனார் சாப்பிட வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, இருபத்திரண்டு வருஷம் நர்ஸ், அதில் ஒரு நாளைக்கூட நம்மை மறக்க விடமாட்டார். ஆஸ்பத்திரிக்குள்ளே காலே வைக்காமல் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிற ஒரே ஆள் நான்தான் என்று வழக்கமான குத்தல். என் கைப் பக்குவத்தைப் பற்றி இன்னொன்று. தம்பி இளைத்துப்போனதைப் பற்றி மூன்றாவது.

கையலம்பும்போது சொன்னார்: உங்க கம்பெனி புதுப் பம்புல சில நேரம் புள்ளி விழமாட்டேங்குது, ரெண்டரைன்னு போட்டா இருபத்தஞ்சுன்னு காட்டுது, பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருக்கு.

எனக்கா பதில் தெரியாது? கிளவுஸ் ஈரமா இருந்திருக்கும்க்கா, துடைச்சிட்டுத் தொடுங்க என்றேன். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

"வார்டுல காய்ஞ்ச கை எவளுக்கு இருக்கு?" என்றார்.

ஒரு தடவையாவது அவர் மூக்கை உடைத்தோம் என்ற திருப்தியோடு பாத்திரம் தேய்த்தேன்.

மார்ச் 19, புதன்

நாத்தனாரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அறுவை முடிந்து படுத்திருந்த ஒரு அம்மாவுக்கு வலி மருந்து. மணிக்கு இரண்டரை மில்லி போக வேண்டியது. இருபத்தைந்து போயிருக்கிறது. மூச்சு நின்று, எப்படியோ மீட்டு, இப்போது செயற்கை சுவாசத்தில் வைத்திருக்கிறார்கள். விசாரணை ஏப்ரல் இரண்டாம் தேதி. தவறு நிரூபணமானால் வேலை போவது மட்டுமில்லை, நர்ஸ் என்ற பதிவே போய்விடும்.

வீட்டுக்காரர் போனில் பேசப் பேச, எனக்குள் முதலில் வந்தது என்ன? ஒரு சின்ன — சந்தோஷம்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்குப் பக்கத்து வீடு. எப்பவும் குத்திக் காட்டுற வாய் இன்னைக்கு என்ன சொல்லும்னு ஒரு நினைப்பு. ச்சீ. என்ன பொம்பளை நான்.

மார்ச் 20, வியாழன்

அந்தப் புகார் என் திரைக்கே வந்தது. ஆஸ்பத்திரி, வார்டு, தேதி, எல்லாம் அதுவே. கீழே நாத்தனார் கைப்பட எழுதியதைப் படம் பிடித்து ஒட்டியிருந்தார்கள்: "நான் 2.5 என்றுதான் அழுத்தினேன்." அதற்கும் கீழே மென்பொருளின் தீர்ப்பு: கையாள்பவர் தவறு, உறுதி 94 சதவீதம். மறுபயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு மறுபயிற்சியா?

ஒப்புதல் பொத்தானை அழுத்தவில்லை. நிலுவையில் வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

"புள்ளி" என்று தேடினேன். ஆறு வருஷத்தில் யாரும் தேடாத சொல். டச் ஸ்கிரீன் வந்த பதினாலு மாதத்தில், நாத்தனாருடையதையும் சேர்த்து, அறுபத்து மூன்று புகார். அதற்கு முன்னால், பட்டன் இருந்த வரை, ஒன்றுகூட இல்லை.

அறுபத்து மூன்றும் கையில் போட்டவை. ஐம்பத்தொன்றில் என் பெயரின் இரண்டெழுத்து.

ஒவ்வொரு தடவையும் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியும். பம்பின் லாக்கை, அதாவது அது தானே எழுதிவைக்கும் பதிவேட்டை, திறப்பேன். அதில் 25 என்று பதிவாகியிருக்கும். அப்புறம் என்ன, மூடு. ஆனால் லாக் எழுதி வைப்பது திரை எதை வாங்கிக்கொண்டது என்பதைத்தான். விரல் எதை அழுத்தியது என்பது அதற்கு எப்படித் தெரியும்? இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். பழைய பம்பு "25, சரியா?" என்று ஒரு தடவை கேட்கும். புதியதில் அந்தக் கேள்வியையும் எடுத்துவிட்டார்கள். தொடுதல் குறைவாக இருப்பதுதான் இப்போது ட்ரெண்டாம்.

நான் எழுதிய ஐம்பத்தொன்றையும் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் ஒரே வரி. முதல் பத்துக்கு மேல் புகாரை முழுசாகப் படித்த ஞாபகமே இல்லை. மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன், அது என்னைவிட யோக்கியம். அது முழுசாகப் படிக்கவாவது செய்கிறது.

மார்ச் 22, சனி

அரை நாள்தான் ஆபீஸ். சோதனை அறைக்காரரிடம் ஒரு பம்பு கேட்டேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை, கேட்காத மனுஷன். கிளவுஸ் மாட்டி, வார்டில் தடவுகிற அதே கிருமிநாசினியைக் கையில் ஊற்றிக்கொண்டு, 2.5 என்று ஐம்பது தடவை அழுத்தினேன். ஏழு தடவை 25.

இந்தச் சோதனையை நீங்கள் செய்ததே இல்லையா என்று அவரிடம் கேட்டேன். செய்வோம், வெறும் விரலில், உலர்ந்த விரலில் என்றார். சோதனை விதிமுறையில் அப்படித்தான் எழுதியிருக்காம்.

மார்ச் 24, திங்கள்

ட்ரெண்டிடம் போனேன். அறுபத்து மூன்றையும் ஏழையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். சுத்தமான அறை, சுத்தமான சட்டை, மேஜையில் ஒரு தூசி இல்லை. ஈரக் கையுறையோடு திரையைத் தொடக் கூடாது என்று கையேட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறதாம். அப்படியென்றால் அது யார் தவறு என்று என்னையே கேட்டார். நான்தான் அவருக்கு ஒன்பதாயிரம் தடவை பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறேனே.

இதைத் திறந்தால் ஊரெங்கும் போன பம்பைத் திரும்ப எடுக்க வேண்டிவரும் என்றேன். சிரித்தார்.

"மேடம், திரும்ப எடுக்கறதெல்லாம் பழைய காலம். அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம சரி பண்ணிடலாம். இப்ப அதான் ட்ரெண்ட்."

அதுவரைக்கும்? என்றேன். அதுவரைக்கும் மறுபயிற்சி என்றார். வாய் கூசாமல் சொன்னார்.

பிறகு குரலை இறக்கி, அந்த நர்ஸ் உங்க உறவாமே, சொந்தக்காரங்க ஃபைல்ல நீங்க கை வைக்கறது முறையில்ல என்றார். என் கண் முன்னாலேயே திரையைத் திருப்பி நாத்தனாரின் ஃபைலை மூடினார். ஒரு சொடுக்கு. எச்சில் தொட்டு எதையோ ஒட்டுகிற மாதிரி இருந்தது.

மார்ச் 25

சோப்பு போட்டுப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

அறுபத்து மூன்றையும் அச்செடுத்தேன். வெளியே கொண்டுபோனால் வேலை போகும், ஒப்பந்தத்தில் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அக்காவுக்காக வேலையை விடு என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, விடாதே என்று சொல்லவும் வரவில்லை. கடைசியில், அவ உன்னை என்னைக்கும் விட்டு வைக்கல, அதையும் யோசிச்சுக்கோ என்றார். யோசித்தேன். அதனால்தான் போக வேண்டும் என்று பட்டது. எனக்குப் பிடித்தவருக்காகச் செய்தால் இந்த அசிங்கம் கொஞ்சம்கூடக் குறையாது.

மார்ச் 29, சனி

நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சமையலறை மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தார். சுமார் நாற்பதாவது தாளில் நிறுத்தினார்.

"கடைசில இந்த ரெண்டெழுத்து யாரு?"

"நான்தான்க்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் நிம்மதி. அவர் தாளின் மேல்பக்கத்தில் விரலை வைத்தார். புகார் கொடுத்த நர்ஸின் பெயர், போன் நம்பர்.

"நம்பர் இருக்கே. ஒருத்தருக்காவது போன் பண்ணிக் கேட்டியா?"

இல்லை. நான் மூடிய ஐம்பத்தொன்றில் ஒருவருக்குக்கூட இல்லை.

மிச்சத்தையும் படித்து முடித்துவிட்டு, விசாரணைக்கு வந்து சொல்றியா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை.

ஏப்ரல் 2, புதன்

சொன்னேன். ஆஸ்பத்திரி விசாரணை அறையில் ஐந்து பேர். பம்பைக் கொண்டுவரச் சொல்லி, கிளவுஸை நனைத்து, அவர்களையே அழுத்தச் சொன்னேன். நான்காம் தடவையே தலைமை மருத்துவருக்கு 25 விழுந்தது. அவர் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மாதிரிப் பார்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ.

ஏப்ரல் 4, வெள்ளி

வேலை போயிற்று. ஆவணம் வெளியே கொண்டுபோனதற்கு. என் பொருள்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வாசலிலேயே கொடுத்தார்கள். மென்பொருள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. என் வாக்கியத்தை எழுதிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாத்தனார் மறுபடியும் பணியில். அந்த அம்மா செயற்கை சுவாசத்திலிருந்து வந்துவிட்டார், பேச்சு மட்டும் கொஞ்சம் குழறுகிறதாம். இதை எனக்குச் சொன்னது வீட்டுக்காரர். நாத்தனார் என்னிடம் பேசவில்லை.

ஜூன் 11, புதன்

கம்பெனியின் அறிக்கை ஒருவழியாக வந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து நகல் கிடைத்தது. பம்பில் குறையென்று எதுவும் இல்லையாம். "பயன்பாட்டு அனுபவத்தை மேம்படுத்த" ஒரு அப்டேட் போட்டிருக்கிறார்களாம்; "சரியா?" என்ற கேள்வி திரும்ப வந்திருக்கிறது. புகார்கள் கவனிக்கப்படாமல் போனதற்குக் காரணம்: "வகைப்படுத்திய ஊழியரின் தவறு. அவர் தற்போது பணியில் இல்லை."

இரண்டு தடவை படித்தேன். என்னையும் கையில் போட்டு மூடிவிட்டார்கள். அதில் பொய் இல்லை என்பதுதான் குமட்டுகிறது. முழு உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை — இப்படி எழுத அவர்களுக்கு நான்தானே கற்றுக்கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

நாத்தனார் வந்தார். இரண்டரை மாதத்துக்கு அப்புறம். உட்காரக்கூட இல்லை. நன்றி சொல்லப் போகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன் பாருங்கள், நான் எங்கே போய் முட்டிக்கொள்வது. அந்த அச்செடுத்த தாள்களை மேஜையில் வைத்தார்.

"எனக்கு நீ சொந்தம், தப்பிச்சேன். மத்த அறுபத்திரண்டு பேருக்கு யாரு?"

ஜூன் 23, திங்கள்

மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன். பாதி நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டு பேர் விஷயத்தைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். ஒருவர் அரைமணி நேரம் திட்டினார், முழுக்கக் கேட்டேன்.

இன்று பத்தொன்பதாம் தாள். போன வருஷம் ஜூலையில் நான் மூடியது. புகார் எழுதியவர் இப்போது நர்ஸ் இல்லை, பள்ளி வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிற வேலை. அன்றைக்குப் பம்பு மாட்டியிருந்த பெரியவர் இறந்துவிட்டாராம். தாளில் "பாதிப்பு: கடுமை" என்று மட்டும்தான் இருக்கிறது. அதற்கப்புறம் இந்தக் கையால் இன்னொரு உடம்பைத் தொட மனசு வரவில்லை என்றார், புகாராகச் சொல்லவில்லை, சும்மா தகவல் போலச் சொன்னார்.

நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். திரையைப் பற்றிச் சொன்னேன். ஐம்பதுக்கு ஏழு என்றேன். அந்தப் பக்கம் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரையோ "இருடா" என்றார்.

"அப்ப நான் புள்ளி அமுக்குனேன்தானே?"

அதை இனி யாராலும் நிரூபிக்க முடியாது. அவர் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் இருக்கிறது, அதைத்தான் நான் படிக்காமல் மூடினேன்.

அமுக்கினீங்க என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.