நாணல் தண்டு கல்லான வாரம்

ஒக்டோபர் 7, செவ்வாய்
மழை. ஏரிக்கரையில் என்னவர் ரவியோடு நாணல் வெட்டல். ரவியின் சப்பாத்துக்குள் தண்ணீர்.
"பஸ் ஓட்டுறவனை ஏரிக்குள்ளை இறக்கிப்போட்டீர்," என்றார்.
நாயோடு வந்த பெண் ஒருத்தி, கூடை பின்னவா என்று கேட்டாள். கல் செய்ய என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

8, புதன்
ஆய்வுகூடம். விரல் நீளத் துண்டுகள். அலுமினா என்ற பீங்கான் தூள் கலந்த கரைசலில் அமிழ்த்தி, பம்ப்பால் காற்றை இழுத்ததும் தண்டெல்லாம் குமிழி. காற்றிருந்த இடத்தில் இப்போது வெள்ளைக் கரைசல். சூளையில் நாணல் எரிந்து போகும். அதன் நுண்குழாய்கள் மட்டும் கல்லாய் நிற்கும். அதில் தண்ணீர் வடிகட்டலாம்.
நிற்க வேண்டுமே! நான்கு தரம் சுட்டாயிற்று, நான்கு தரமும் வெடிப்பு. இதுதான் கடைசிச் சூளை, சரிவராவிட்டால் வேறு ஆராய்ச்சி என்கிறார் பேராசிரியர்.
பக்கத்து மேசை மீனா, மதுரைக்காரி: "டென்ஷன் ஆகாதீங்கக்கா. இந்தத் தடவை கண்டிப்பா வரும்."
"ஓம்."
"நீங்க 'ஓம்'னாலே சாமி கும்பிடற மாதிரி இருக்கு!"

10, வெள்ளி
குளிர். இருபது தண்டு உலர்பெட்டியில் காய்ந்தாயிற்று.
வீட்டில் ரவியின் குரல்: "இஞ்சை பாரும், சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளை என்ன வெள்ளைக் குச்சி?"
"ஐயோ, உங்களுக்குக் காட்டக் கொண்டுவந்தனான். மறந்துபோனன்."
மூன்று தண்டு. இரண்டு நாள் மூடிய பெட்டிக்குள். இன்னும் ஈரம். எறிய மனமில்லை, இறுக்காமல் அப்படியே மூடி வைத்தேன்.

13, திங்கள்
அந்த மூன்றும் காய்ந்துவிட்டன. சேர்த்து இருபத்து மூன்று. சூளை மூடியாயிற்று. சூடு மெல்ல மெல்ல.
வாங்க: பருப்பு, கறிவேப்பிலை, ரவிக்குச் சப்பாத்து.

15, புதன்
வெயில்! சூளை திறந்தோம். முதல் தட்டு, இருபதும் வெடிப்பு. மூலையில் அந்த மூன்றும்... முழுசாக! பால் வெள்ளை. நாணலின் வரிகள்கூட அப்படியே. மீனா போட்ட கூச்சலில் அடுத்த அறைக்காரர் ஓடி வந்தார்.
மூடிய பெட்டியில் ஈரம் மெல்ல, ஆறுதலாகப் போயிருக்கிறது. உலர்பெட்டிதான் அவசரப்பட்டது. இத்தனை நாளும் சூளையை அல்லவா திட்டினேன்!
பேராசிரியர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் ஐம்பது செய் என்றார். ஐம்பது!
ரவிக்கு அழைத்தேன். ட்வெய்ட்டா பஸ் தரிப்பிடத்தில் அவருக்கு இடைவேளை.
"வெடிக்கேல்லையோ?"
"இல்லை. மூண்டும் முழுசு!"
பதிலுக்கு பஸ் ஹோர்ன்.
பின்னேரம் ஒன்றை நீல மைத் தண்ணீரில் நிறுத்தினோம். இருவரும் குனிந்து பார்த்தோம். கல்லுக்குள் நீலம் மெல்ல மேலே ஏறியது.
"அக்கா," என்றாள் மீனா, "குடிக்குது!"