பெஞ்சில் உட்கார வைத்தவன்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா? மருந்து குடிக்க அடம்பிடித்திருப்பாள், உன்னைப் போலவே. மருமகள் வாரம் தவறாமல் பத்திரிகையை அனுப்பிவிடுகிறாள், அவளுக்கு என் அன்பைச் சொல். இந்த வாரம் வந்த உன் தொடர்கதையையும் படித்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லத்தான் பார்த்தேன். உன் குரலைக் கேட்டதும் என் வாயில் "நல்லா இருக்கேம்ப்பா, நீ உடம்பப் பாத்துக்கோ" என்பது மட்டும்தான் வருகிறது. வேறு வார்த்தை வர மறுக்கிறது. எழுதும்போது கொஞ்சம் தப்பிக்க முடிகிறது.

மூன்றாம் மாடிப் பல்செட்டம்மாவைப் பற்றி உனக்குச் சொன்னவனே நான்தான். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுத்துத் தனியாகக் காலம் தள்ளியவள், நானாகத்தான் போய்ப் பேசினேன், பிடித்துப்போய்விட்டது என்று சொன்னேன். அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று முகம் சுளிக்காதே. 'அவங்க' என்றால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நீ, "சூப்பர்ப்பா, இத நான் கதையா எழுதட்டுமா" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுது ராஜா என்றேன்.

முதல் வாரம் இரண்டு பேரும் சேர்ந்து படித்து விழுந்து விழுந்து சிரித்தோம். உன் கிழவருக்கு டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு லிஃப்டுக்கு போல்ட் முடுக்கிய கை இது, நடுங்குமா என்று நான் பீற்றிக்கொண்டேன். மறுநாள் சவரம் செய்யும்போது நடுங்கியது. தாடையில் வெட்டிக்கொண்டேன். டாக்டரிடம் போனால், ஒன்றுமில்லை, வயதுதான் என்கிறார்.

அப்புறம் உன் கிழவி. அதிகம் பேசமாட்டாள், மெல்லப் புன்னகைப்பாள் என்று எழுதினாய். யாரைப் பார்த்து எழுதினாய் சொல்? இவள் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவள். கையும் களவுமாகப் பிடித்தால் என்னைப் பொய்யன் என்று கத்திச் சீட்டைத் தூக்கி எறிவாள். எனக்குப் பல்செட்டுக்கு அளவெடுத்த அன்றைக்கே, "இவ்ளோ பெரிய வாய்க்கு மெட்டீரியல் பத்தாதே" என்றவள். நீ எழுதியதிலிருந்து அதிகம் பேசுவதில்லை. சீட்டுக்கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. வேண்டுமென்றே ஒருநாள் 'அவங்க' என்று சொல்லிப் பார்த்தேன். மெல்லப் புன்னகைத்தாள்.

தெரு முனையில் ஒரு பெஞ்ச் இருக்கிறதல்லவா, உன் கதையில் அவர்களை உட்கார வைத்தாயே, அதில் நாங்கள் உட்கார்ந்ததே கிடையாது. சும்மா உட்கார்வது அவளுக்கு ஆகாது. இப்போது சாயங்காலமானால் இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறோம். எப்படி வந்தோம் என்று தெரிவதில்லை. "நீங்க கூப்பிட்டீங்களா" என்று முதல் நாள் அவள் கேட்டாள். நான் கூப்பிடவில்லை. பார்த்தால் கைகள் கோத்திருக்கின்றன. அவள் கையைப் பிடிக்க எனக்கு ஆசை இல்லாமலா? ஆனால் நான் பிடிக்கவில்லை, அவளும் பிடிக்கவில்லை. அந்த வழியாகப் போன ஒரு பெண் நின்று, "அச்சோ, எவ்ளோ அழகு" என்றாள். உன் கதையில் வரும் பெண்ணும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறாள்.

நாங்கள் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று முடிவு செய்திருந்தோம், உனக்குச் சொல்லவில்லை. யார் கட்டில் பெரியது என்று டேப் வைத்து அளந்து, அதற்கும் ஒரு சண்டை போட்டோம். உன் கதையில் கட்டிலே இல்லை. உன் கிழவருக்கு அவளைப் பார்த்தால் செத்துப்போன மனைவி ஞாபகம்தான் வருகிறது. உன் அம்மாவை நான் மறக்கவில்லைடா. ஆனால் இவளைப் பார்த்தால் எனக்கு இவள்தான் தெரிந்தாள். இப்போது வாய் தவறி உன் அம்மாவின் பெயரைச் சொல்லி இவளைக் கூப்பிட்டுவிடுகிறேன். இவளும் திரும்பி "என்னங்க" என்கிறாள். அது உன் அம்மாவின் குரல். உன் அம்மாவை இவள் பார்த்ததுகூடக் கிடையாது.

கடிதத்திலும் உன் நடை புகுந்துவிடாமல் சமாளித்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாலை வெயில் அவளுடைய வெள்ளிக் கூந்தலில் பொன்னைப் பூசியபோது, காலம் ஒரு கணம் தயங்கி நின்று... பார், இது நான் எழுதியதில்லை. அவள் தலைக்குச் சாயம் பூசுகிறவள். பூசிக்கொண்டிருந்தவள்.

இந்த வாரம் உன் கிழவி கைக்குட்டையில் வாயைப் பொத்தி இருமுகிறாள். மேல்மாடியிலிருந்து அந்தச் சத்தம் எனக்குக் காலையிலிருந்து கேட்கிறது.

கடைசி அத்தியாயம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, பெஞ்சில் ஒருத்தர்தான் இருப்பாங்க, படிக்கிறவங்க எல்லாரும் அழுவாங்க என்று போனில் சொன்னாய். நானும் "சந்தோஷம்ப்பா" என்றேன். அதையா சொல்ல நினைத்தேன்? வேண்டாம்டா என்று கத்த நினைத்தேன்.

இன்னும் அனுப்பவில்லை என்றாயே, அதை மாற்று. அவள் பெஞ்சிலிருந்து எழுந்து என்னைத் திட்டட்டும். நல்லதாக ஒரு கெட்ட வார்த்தை கொடு, அவளுக்கு நிறையத் தெரியும். முட்டி வலிக்கிறது என்று முனகிக்கொண்டே இரண்டு பேரும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். அதற்கப்புறம் ஒரு வரி எழுதாதே. முடிவு சப்பென்று இருக்கிறது என்று பத்திரிகைக்காரர் சொன்னால் சொல்லட்டும். ஒருவர் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் என்னை இருமவை, அவளை விட்டுவிடு. இல்லை, அதுவும் வேண்டாம். எனக்கு அவளோடு இருக்க வேண்டும்டா. இந்த வயதில் இதைப் பெற்ற பிள்ளையிடம் கெஞ்சுவதில் எனக்கு வெட்கமில்லை.

நீ நூறு வயது இருக்க வேண்டும். அன்றைக்கும் உனக்கு ஆசை இருக்கும், கோபம் இருக்கும், கட்டில் இருக்கும். அப்போது உன்னை யாரும் அழகாக எழுதாமல் இருக்கட்டும்.

இதை எழுதும்வரை உன் அப்பாவாகவே இருக்கும்,
அப்பா