லாரி வாசலின் குட்டிக் கம்ப்யூட்டர்

அன்பு மனைவிக்கு,

நான் நலம்தான். நீயும் பாப்பாவும் சௌக்கியமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று வேலையில் ஒரு கூத்து. எந்த லாரி எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று எங்கள் கிடங்கின் திரையில் காட்டுவது, சீட்டுக்கட்டு அளவுள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அது என் பொறுப்பு. காலையில் போட்டால் உயிரே வரவில்லை. சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது, பச்சை எரியவேயில்லை. மெமரி கார்டை மாற்றினேன். புரோகிராம் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். ம்ஹூம். வெளியே டிரைவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மேனேஜர் வேறு, "என்னப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று தலைமேல் நின்றார்.

மத்தியானம்தான் மண்டையில் உறைத்தது. முந்தின நாள் போன் நடுவில் அணையாமல் உன்னோடு பேசுவதற்காக அதன் சார்ஜரை அறைக்கு எடுத்துப் போய், என் நோஞ்சான் சார்ஜரை அதில் மாட்டியிருந்தேன். அந்தக் கரண்ட் அதற்குப் போதவில்லை. ஒரு வண்டியைப் பிடித்து அறைக்குப் போய் அதன் சார்ஜரை எடுத்துவந்து மாட்டியதும் பச்சை விளக்கு துடித்தது.

"என்னதான் கோளாறு?" என்றார் மேனேஜர்.

"வயர் லூஸ் சார்."

புதியது வாங்கும்வரை என் போனுக்குப் பழைய சார்ஜர்தான். பேச்சு பாதியில் நின்றால் எனக்குக் கோபம் என்று நினைக்காதே. பாப்பாவை முதலிலேயே காட்டிவிடு. ஸ்கூல் விஷயமெல்லாம் பிறகு.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும். அன்றைக்குப் போனில் நீ "அப்புறம்?" என்று கேட்டாய். "வேற ஒண்ணுமில்ல" என்றேன். ஊருக்கு வந்துவிடட்டுமா என்று கேட்கத்தான் அந்தச் சார்ஜரை எடுத்துப் போனேன்.

உன்,
பாப்பாவின் அப்பா