வண்டியின் நாக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், கார் முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், இன்னும் சாப்பிடவில்லை என்றால் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் ஒரு வரி சொன்னால் உன் அப்பா பின்னாலிருந்து மூன்று வரி திருத்துவார், அதனால் அவர் முடி வெட்டப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். தலையில் இருப்பது நாற்பது முடி, அதற்கு ஒரு மணி நேரம் ஆக்குவார்.

முதலில் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. போன வருடம் ஒரு மத்தியானம் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவரே காரை ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார், நான் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வெறும் வாயு என்று அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அன்றைக்கே கார் ஓட்டப் பழகுவது என்று முடிவு செய்துவிட்டேன், ஐம்பத்தெட்டு வயதானால் என்ன. தேறிய பிறகு உனக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்பாதான் வாத்தியார். வண்டி நகர்ந்த நொடியே கியரை ஏத்து ஏத்து, பெட்ரோல் மிச்சமாகும் என்பார், ஆமை வேகத்தில் நாலாவது கியரில் ஊரைச் சுற்றுவோம். டெஸ்ட்டில் இரண்டு தடவை தோற்றேன். முதல் தடவை என் தப்பு, பூந்தொட்டியை இடித்தேன், பாவம் புதுத் தொட்டி. இரண்டாவது தடவை வண்டியின் தப்பு. மேட்டில் ஏற ஆக்சிலேட்டரை மிதித்ததும் தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டின மாதிரி உள்ளே டக டக டகவென்று ஒரே சத்தம், குலுங்கி நின்றுவிட்டது. டெஸ்ட் எடுக்கும் அதிகாரி கதவைத் திறந்து இறங்கி, இந்தச் சத்தத்த நிறுத்திட்டு வாங்கம்மா, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு என்று சொல்லிவிட்டார். அடுத்த டெஸ்ட்டுக்கு ஐந்தே நாள், அதோடு என் பழகும் லைசென்ஸும் முடிகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தைரியம் இருக்காது, அது எனக்கே தெரியும்.

அப்பா மெக்கானிக்குக்குப் போன் போட்டார். நம் மீசை மெக்கானிக்தான், வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டே பேசுவாரே அவர். இன்ஜின் நாக் அடிக்குது டாக்டர், கொண்டாங்க பாத்துடலாம் என்றிருக்கிறார். உன் அப்பா காதில் விழுந்தது நாக்கு. முப்பத்தைந்து வருடம் பல் டாக்டராக ஊர் வாயெல்லாம் பார்த்தவர் நாக்கு என்றால் சும்மா விடுவாரா. நாக்கப் பத்தி எனக்கே பாடமா என்று பழைய பெட்டியிலிருந்து நெற்றி விளக்கையும் வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்து, ஆ காட்டு என்று சொல்லாத குறைதான், இரண்டு நாள் இன்ஜினுக்குள் நாக்கைத் தேடினார். மூன்றாம் நாள் முன்சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் துண்டு தொங்குவதைக் கண்டுபிடித்துவிட்டு, இதோ நாக்கு, எப்படி ஆடுது பார் என்று கூவி, பல் இடுக்கில் விடுகிற நூலால் ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டினார். ஓட்டிப் பார்த்தோம். டக டக டக. இன்னைக்குத்தானே கட்டியிருக்கு, ஆற வேண்டாமா என்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. மறுநாள் காலையில், நாக்கும் வேண்டாம் மூக்கும் வேண்டாம், சாவியக் குடுங்க என்று பிடுங்கி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டினேன்.

மீசை மெக்கானிக் அந்த நூல் முடிச்சுகளைப் பார்த்துவிட்டு, யாரு போட்ட தையல் என்று கேட்டார், அப்பா ஷெட்டுக் கூரையைப் பார்த்தார். அப்புறம் மீசை என் பக்கத்தில் உட்கார்ந்து மேட்டில் ஓட்டச் சொன்னார், டக டக கேட்டதும் ஸ்க்ரூவைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். இன்ஜினுக்குள் கரி படிந்திருக்கிறதாம், பிளக்கும் தேய்ந்துபோச்சாம், அதனால் பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடித்துத் தட்டுகிறதாம், அதற்குப் பெயர்தான் நாக், நாக்கு இல்லை. மெதுவாப் போறப்பவும் நாலாவது கியர்லயே உருட்டுறீங்களா, அதுக்கு மூச்சு முட்டாதா என்று கேட்டார். நான் வாத்தியாரைப் பார்த்தேன், வாத்தியார் காலண்டரைப் பார்த்தார். காரை சுத்தம் பண்ண சாயங்காலம் ஆயிடும் டாக்டர் என்று மீசை சொன்னதுதான் தாமதம், அப்பா முகம் மலர்ந்துவிட்டது. காரையா, பல்லுல படியுமே அதுவா, ஆறு மாசத்துக்கு ஒரு தரம் எடுக்கணுமே, மொதல்லயே சொல்லக் கூடாதா என்கிறார். மீசை என்னைப் பார்த்தார், ஆமா டாக்டர் அதேதான் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். கரியைச் சுரண்டிப் புது பிளக் போட்டார், நல்ல பெட்ரோலாகப் போடச் சொன்னார், மேட்டில் கியரை இறக்கி ஓட்டுங்கம்மா என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

நேற்று டெஸ்ட். ஏத்து ஏத்து என்று சொல்ல அப்பா உள்ளே இல்லை, வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேட்டில் முதல் கியரில் எடுத்து இரண்டாவதிலேயே ஏறினேன், வண்டி வாயே திறக்கவில்லை. அதே அதிகாரிதான், பரவாயில்லையேம்மா என்று கையெழுத்துப் போட்டார். இறங்கியதும் அங்கேயே நின்று ஒரு பாட்டம் அழுதேன். வீட்டுக்கும் நானே ஓட்டினேன். அப்பா பாதி வழி வரைக்கும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார், அப்புறம் சத்தத்தையே காணோம். திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனுஷர் காரில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வீடு வந்தது, எழுப்ப மனசு வரவில்லை, நிறுத்தாமல் தெருவை இன்னும் நாலு சுற்றுச் சுற்றினேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உங்கள் காரிலும் ஏதாவது சத்தம் வந்தால் ரேடியோவைக் கூட்டி வைக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதிலேயே அடக்கம்.

இப்படிக்கு,
லைசென்ஸ் வாங்கிவிட்ட உன் அம்மா