எல்லாருக்கும் ஒரே நீலம்

டீச்சர்,

இன்று காலை எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறார்கள். ‘வேண்டாத துணிகளை இதில் போடவும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது. யாரோ ஒரு பழைய சேலையைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். பாச்சா உருண்டை வாசம் படி முழுக்க நிறைந்திருந்தது. பால் வாங்க இறங்கியவள் அங்கேயே நின்றுவிட்டேன். ‘வேண்டாத’ என்ற சொல்லைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆளில்லை.

மதுரைக்கு வந்த பிறகு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது சாய்கிற நாட்கள் எனக்கு அதிகம். மகன் தொலைபேசியில் உடம்பை விசாரிப்பான். நன்றாக இருக்கிறது என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். இன்று உங்களோடு பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

நாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. நீங்கள் தையல் டீச்சர், நான் சயின்ஸ் டீச்சர். கோவில்பட்டியிலிருந்து புதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு ஒரே பஸ்ஸில் போனோம். பஸ் குலுக்கலில் எனக்குக் குமட்டும் என்பதால் ஜன்னலோரத்தை எப்போதும் எனக்கு விட்டுவிடுவீர்கள். வெளியே கரிசல் வெடித்துக் கிடக்கும். மழை பெய்த மறுநாள் அதே மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இருவரும் பள்ளிக்குள் நுழைந்த காலைகளில், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

எட்டாம் வகுப்பு வரை அரசாங்கம் சீருடை கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குத் தாவணி. அதை வீட்டில்தான் வாங்க வேண்டும். வானம் பார்த்த பூமியில் மழை ஏமாற்றிய வருடங்களில் தாவணிக்கு வழியில்லாத பிள்ளைகள் ஜூன் மாதம் வரமாட்டார்கள். விடியுமுன் ஊருக்குள் வருகிற தீப்பெட்டி ஆபீஸ் வேனில் வேலைக்கு ஏறிவிடுவார்கள். வருகைப் பதிவில் அந்தப் பெயர்களைத் தாண்டிப் போக நான் பழகியிருந்தேன். நீங்கள் பழகவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் தாவணிகள் வீட்டில் கரித்துணியாகப் போகின்றன என்று கேள்விப்பட்டு, ஒவ்வொரு வீடாகக் கேட்டு வாங்கினீர்கள். துவைத்து, கிழிசலுக்கு இழை ஓட்டி, மடித்து வைத்தீர்கள். உடுத்த முடியாதபடி நைந்தவை சத்துணவுத் தட்டு கொண்டுவரும் பைகளாயின. பையிலிருந்து மிஞ்சிய கீற்றுகூடக் கரும்பலகை துடைக்கப் போயிற்று. வீணாகப் போன நூல் என்று உங்கள் அறையில் ஒன்றும் இருக்காது.

அப்படி ஒரு தாவணிதான் பேச்சியம்மாளுக்குப் போனது. ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. கணக்கில் முதல். அவள் அதை உடுத்தி வந்த முதல் நாளே, வகுப்பில் ஒரு பிள்ளை முந்தானையில் நீங்கள் இழை ஓட்டியிருந்த பழைய கிழிசலைப் பார்த்துவிட்டு, “இது எங்க அக்கா தாவணில்லா” என்றது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடையாளம் கண்ட சந்தோஷத்தில் சொன்னது. மறுநாள் பேச்சியம்மாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

இருவரும் அவள் ஊருக்குப் போனோம். அவள் வேலைக்குப் போயிருந்தாள். அவள் அம்மா ஆட்டுக்குட்டிகளின் மேல் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்து, துவைத்து மடித்த தாவணியை உங்கள் கையில் கொடுத்தாள். கோபப்படவில்லை. தணிந்த குரலில்தான் சொன்னாள்.

“கிழிஞ்சத உடுத்துவா டீச்சர். அது எங்களுக்குப் புதுசில்ல. இன்னொருத்தி துணின்னு அத்தன பிள்ளைகளுக்கு முன்னால சொன்னப்பெறவு எப்பிடி உடுத்துவா?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தத் தாவணியை மடியில் வைத்துக்கொண்டே வந்தீர்கள். எட்டயபுரம் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தீர்கள். “துணிக்கு வாய் கிடையாது டீச்சர். நாமதான் அதப் பேச வைக்கோம்.”

அந்தக் கோடை விடுமுறையில் நீங்கள் சொன்ன யோசனையைக் கேட்டு, தலைமையாசிரியர் முதலில் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார். ஒன்பதுக்கும் பத்துக்கும் போகிற எல்லாப் பிள்ளைகளும் தங்கள் தாவணியைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். நீங்கள் சேர்த்த பழையதும் அவர்கள் கொண்டுவரும் புதியதும் ஒரே கொப்பரையில் நீலச் சாயத்தில் முங்க வேண்டும். பள்ளி திறக்கும் நாளில் அந்தக் குவியலிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். எது யாருடையது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

யார் டீச்சர் புதுத் தாவணியைக் கொண்டுவருவார்கள் என்று நான் கேட்டேன். தெரியாது என்றீர்கள்.

சாயம் போட்ட அன்று பள்ளி மைதானத்தில் வேலிக்கருவை விறகு புகைந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. சாயத்துக்குத் தனியாக உப்புப் போடுகிற வேலை மிச்சம் என்று நீங்கள் வேடிக்கையாகச் சொன்னீர்கள். யாரும் சிரிக்கவில்லை. நம்மிடம் இருந்த பழைய தாவணிகளைத் தவிர வேறொன்றும் வரவில்லை. வேப்பமரத்தடியில் சில தாய்மார்கள் வெறுங்கையோடு நின்று, முதலில் யார் போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலபுலன் உள்ள பெரிய வீட்டுச் சம்சாரி ஒருவர் வந்து, தன் மகள் தாவணியை அழுக்குத் தண்ணியில் போட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் உச்சிக்கு ஏறியது. நீங்கள் கம்பால் கிண்டிக்கொண்டே இருந்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

பிறகு அந்தச் சம்சாரியின் மனைவி வந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கடைக் காகிதம் பிரிக்காத தாவணியை எடுத்து, தானே உதறி, கொப்பரைக்குள் விட்டார்.

“அவியளுக்குத் தெரியாது. வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன்” என்றார். போகத் திரும்பியவர் நின்று, “என்னய எட்டோட நிறுத்திட்டாவ டீச்சர்” என்றார்.

மரத்தடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்த் தாவணியோடு வந்தார்கள். சாயந்தரம் மைதானம் முழுக்கக் கயிறு கட்டி உலர்த்தினோம். காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன. உங்கள் கைகள் முழங்கை வரை நீலமாக இருந்தன.

ஜூனில், வராமல் போயிருக்க வேண்டிய பல பிள்ளைகள் வந்தார்கள். பேச்சியம்மாள் வரவில்லை. அவள் தங்கையை மட்டும் அம்மா அனுப்பினாள். நீங்கள் அன்று வகுப்பு வாசலில் நின்று, மணி அடித்த பிறகும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதன்பிறகு அவளைப் பற்றி நீங்கள் பேசவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

வருடாவருடம் சாயம் போட்டோம். பிறகு எனக்கு மாற்றல் வந்தது. தாவணி போய்ச் சுடிதார் வந்தது. நீங்கள் ஓய்வு பெற்று, கோவில்பட்டியில் அதே ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தீர்கள். பொங்கலுக்குப் பேசுவோம். “வாங்க டீச்சர் ஒரு நாளைக்கு” என்பீர்கள். “வாரேன் டீச்சர்” என்பேன்.

வந்தேன். நீங்கள் போன மறுநாள் வந்தேன். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்காரர் சாமான்களை ஒழித்துத் தரக் கேட்டார். ஒழிப்பதற்கு என்ன இருந்தது? இரண்டு சேலை, ஒரு தையல் மெஷின், ஒரு பாய். மெஷினையும் யாருக்கென்று முன்பே சொல்லி வைத்திருந்தீர்களாம். அந்தக் காலி அறையில் நின்றபோது, உங்களுக்கென்று இருந்தவள் நான் ஒருத்திதான், நானும் இல்லாமல் போனேனே என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாரென்று கேட்டதும் எழுந்து, “பேச்சியம்மா, டீச்சர்” என்றாள்.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் லீவு நாட்களில் தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்குப் போயிருக்கிறீர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் டப்பாவைத் திறந்து, கூடச் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். முதலில் அவள் முகம் கொடுக்கவில்லையாம். அப்போதும் போனீர்களாம்.

“ஒரு தடவகூட பள்ளிக்கூடத்துக்கு வான்னு சொல்லல டீச்சர். கடைசியில நான்தான் கேட்டேன், இனிமே படிக்க முடியுமான்னு.”

தனித்தேர்வு எழுதி அவள் பத்தாவது தேறியிருக்கிறாள். இப்போது அவள் ஊர்ப் பால்வாடியில் டீச்சர். தையல் மெஷின் அவளுக்குத்தான்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அதுவல்ல. அத்தனை வருடம் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம், இதை என்னிடம் சொல்லவில்லையே என்றுதான் இருந்தது. சொன்னால் அது ஒரு கதையாகி, ஆசிரியர் அறையில் பேசப்பட்டு, அவள் காதுக்கும் போகும் என்று பயந்தீர்களோ? கேட்க முடியாது. நீங்கள்தான் இல்லையே.

பேச்சியம்மாள் என்னை பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவந்து விட்டாள். மதுரை பஸ் வர நேரமிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். புளிச்சோறும் காணப்பயற்றுத் துவையலும். மூடியில் பாதியை வைத்து எனக்கும் அவளுக்கும் நடுவில் நகர்த்தினாள். பசியில்லை என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. தன் பங்கைச் சாப்பிடத் தொடங்கினாள். மூடி அங்கேயே இருந்தது.

எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். வாங்குகிற கை எப்படித் தயங்கும் என்று அந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது டீச்சர். நீட்டுவதற்கு வெகுநேரம் ஆனது. அவள் என் பக்கம் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துச் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.